மஞ்சள் தாளில் வந்த ஆள்

டெஸ்மண்ட் பாஸ்க் எழுதும் எச்சரிக்கைகளை மார்ஷ் பிடன் ஊரில் எல்லாரும் படித்து அதன்படி நடந்தார்கள், டெஸ்மண்ட் பாஸ்க் ஒருவரைத் தவிர.

ஊரின் மாதச் செய்திமடலுக்கு அவர்தான் ஆசிரியர், நிருபர், பிழை திருத்துகிறவர். மழையில் நனைந்துகொண்டு வீடு வீடாகப் போடுகிறவரும் அவரே. கடைசிப் பக்கத்தில் 'கண் திறந்திருங்கள்' என்று ஒரு பத்தி. எண்ணெய்த் தொட்டியைப் பூட்டி வையுங்கள், ஆற்றோர வயலில் காளை நிற்கிறது, குறுக்கே போகாதீர்கள், வாசலில் வந்து துடைக்கும் துணி விற்கிறவனிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று மாதாமாதம் ஊரைப் பயமுறுத்துவார். அடுத்த இதழ் வரை பொறுக்காத செய்தி என்றால் மஞ்சள் தாள். கடைக் கண்ணாடியிலும் பஸ் நிழற்குடையிலும் தேவாலய வாசலிலும் ஒட்டுவார். ஊர் இரண்டு நாள் அதையே பேசும். பிறகு மழை வந்து கரைத்துவிடும்.

அந்த செப்டம்பர் இதழின் தலைப்பு 'கேட்டை மூடுங்கள்'. யாரோ கேட்டைத் திறந்து போட்டதில் ஆடுகள் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து பூங்கொத்துகளைத் தின்றுவிட்டன. அதில் ஒன்று டெஸ்மண்ட் வைத்தது. கோபம் தலைக்கேறி எழுதியிருந்தார்: 'ஒரு கொக்கியை மாட்டத் தெரியாதவர்கள் உயிர்களை வளர்க்க ஆசைப்பட வேண்டாம்.' அந்த வரியை அச்சில் பார்த்து இரண்டு முறை படித்து ரசித்தார். அந்த இதழ்க் கட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிய காலையில் தன் வீட்டுப் பக்கவாசல் கேட்டை அகலமாகத் திறந்து போட்டுவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது பிஷப்பைக் காணோம்.

பிஷப் ஓர் ஆமை. டெஸ்மண்டின் மனைவி ஜோஸ்லினுக்கு அவள் அக்கா கொடுத்தது. அக்கா மாடி வீட்டுக்குக் குடிபோனபோது கொடுத்தாள். அப்போதே ஜோஸ்லினுக்கு உடம்பு சரியில்லை, வெளியே போவதில்லை. உயரமான மதில் சூழ்ந்த பின்தோட்டத்தில் அவளும் ஆமையும் வெயில் காய்வார்கள். ஊரில் யாருக்கும் அது இருப்பதே தெரியாது. பிரசங்கத்தின் நடுவே தூங்கிப்போகிற பிஷப்பைப் போலக் கழுத்துப்பட்டைக்குள் தலையை இழுத்துக்கொள்கிறது என்று அவள்தான் பெயர் வைத்தாள். "பிஷப் இன்னும் சாப்பிடலை," "பிஷப்புக்கு இன்னைக்கு மனசு சரியில்லை" என்று மரியாதையாகத்தான் பேசுவாள். கட்டிய புருஷனுக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

குளிர்காலம் முழுக்க ஆமை தூங்க வேண்டும். உறைந்துவிடாமல் ஒரே அளவான குளிரில் தூங்க, கார் கொட்டகையில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஜோஸ்லின் பாடம் எடுத்தாள்.

"பெட்டியில வைக்கோல் போட்டு உள்ள வை. வாரம் ஒரு தடவை கதவைத் திறந்து காத்து விடு. பக்கத்துல உன் பீர் பாட்டிலை அடுக்காதே. நீ நூறு தடவை திறப்பே, அவருக்குத் தூக்கம் கெடும்."

"சரி."

"ஒவ்வொரு வருஷமும், டெஸ். பனி விழறதுக்கு முன்னாடி. வெளியில விட்டுட்டா செத்துப் போயிடுவார். மறக்க மாட்டியே?"

"நான் எதை மறந்திருக்கேன்?"

அதற்கு அவள் சிரித்தாள், அவ்வளவுதான்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மாதங்களெல்லாம் பிஷப் தூங்கிக்கொண்டிருந்தது. அடக்கம் முடிந்த வாரத்தில் டெஸ்மண்ட் அதை எழுப்பினார். கண்ணைத் திறந்து, கழுத்தை நீட்டி, சமையலறையை மெதுவாகச் சுற்றிப் பார்த்தது. யாரைத் தேடுகிறது என்று அவருக்குத் தெரியும். அவரும் அந்த வேலையில்தான் இருந்தார்.

ஆக, அவள் விட்டுப்போன ஒரே வேலை அதுதான். அதைத்தான் அவர் தொலைத்துவிட்டு நின்றார். ஆமையைத் தொலைக்க ஒரு தனித் திறமை வேண்டும். நாய் பாய்ந்து ஓடும், பூனை மதில் தாண்டும். அதற்கெல்லாம் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆமை போவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தால் போதும். ஊரே தேடியிருக்கும். ஆனால் கொக்கி மாட்டத் தெரியாதவர்களைப் பற்றி ஊர் படித்து முடித்த மை இன்னும் காயவில்லை. அதுகூட ஒரு சாக்குத்தான். மார்ச் மாதத்திலிருந்து ஊர்ப் பெண்கள் அவர் வாசலில் ஆட்டுக்கறியை மாவில் பொதிந்து சுட்ட 'பை'யும் ஆப்பிள் கேக்கும் வைத்துவிட்டு, "டெஸ்மண்ட் எவ்வளவு நல்லா சமாளிக்கிறார்" என்று அவர் காதுபடப் பேசிப் போனார்கள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அவர் காலையில் எழுந்தார், முகம் மழித்தார். சமாளிக்கவில்லை என்று தாளில் அச்சடித்து ஒட்ட அவருக்கு மனம் வரவில்லை.

அதனால் தனியாகத் தேடினார். விடிந்ததும் விடியாததுமாக, ஊர் தேநீர் போட எழுவதற்குள், தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஒவ்வொரு வீட்டுப் புதர்வேலி மேலும் எட்டிப் பார்ப்பார். கீரைப் பாத்தி, ஸ்ட்ராபெரிப் பாத்தி, உரக்குழி. குனிந்து, "பிஷப்! பிஷப்!" என்று மெல்லக் கூப்பிடுவார். ஆமைக்குக் காது அவ்வளவு கேட்காது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் கூப்பிடாமல் தேடுவது மரியாதையாகப் படவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கடைக்குப் போனார். தபாலும் ரொட்டியும் ஊர்வம்பும் கிடைக்கிற ஒரே கடை. நடத்துகிறவள் பௌலின். கிழவர் முதல் கைக்குழந்தை வரை எல்லாரும் அவளுக்குக் 'கண்ணு'தான்.

"கண்ணு, உனக்கு ஒரு மஞ்சள் தாள் மேட்டர் வெச்சிருக்கேன்," என்றாள் குரலைத் தாழ்த்தி. "ஊருக்குள்ள ஒருத்தன் சுத்தறான். விடியக்காலையில வேலி மேல எட்டி எட்டிப் பாக்கறானாம். மிஸ் ட்ரான்டர் ஜன்னல்லேருந்து பாத்திருக்காங்க."

டெஸ்மண்ட் முட்டைப் பெட்டியைத் திறந்து முட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆள் எப்படி இருந்தானாம்?"

"கிழவன். எண்பது இருக்கும்னாங்க. நல்ல கூன். தலையில அமுங்கிப்போன கேக் மாதிரி ஒரு தொப்பி. காலை வேற இழுத்து இழுத்து நடக்கறானாம், பாவம், பாத்தா பரிதாபமா இருந்துச்சாம்."

டெஸ்மண்டுக்கு அப்போது எழுபத்திரண்டு. அந்தத் தொப்பி ஜோஸ்லின் வாங்கிக் கொடுத்தது. அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மாட்டிக்கொள்வோமோ என்று பயந்திருக்க வேண்டிய நேரம். ஆனால் தன்னை எண்பது என்றதுதான் அவரைச் சுட்டது.

"அது மட்டுமில்ல கண்ணு. 'பிஷப், பிஷப்'னு கூப்பிட்டுக்கிட்டே போறானாம். மதப் பைத்தியம் போல."

"மிஸ் ட்ரான்டருக்குக் கண்ணாடி மாத்தணும்னு டாக்டர் சொல்லிட்டிருக்காரே," என்றார் டெஸ்மண்ட்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நீ போடலேன்னா அவங்க நேரா போலீஸுக்குப் போயிடுவாங்க. பதினோரு வருஷமா எல்லாத்தையும் போடறே, இதைப் போடாம விட்டா ஊர் என்ன சொல்லும்?"

போட்டார். வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்யும்போது உண்மைக்கும் பெருமைக்கும் நடுவே ஒரு வழி தேடினார். அறுபதைத் தாண்டிய ஆண், நிமிர்ந்த உடல், அகன்ற தோள், உறுதியான நடை என்று எழுதினார். தொப்பியைக் குறிப்பிடவில்லை. பிஷப்பையும் விட்டுவிட்டார். படித்துப் பார்த்தால் தன்னை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள் என்று நிம்மதி. பார்த்தால் பழகலாம் போல ஓர் ஆள் வேறு கிடைத்திருந்தான். அந்த மஞ்சள் தாளைத் தன் கையாலேயே நிழற்குடையில் ஒட்டி, நான்கு மூலையையும் நீவிவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம் யாரோ அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

நடுப்பகல். சோபாவில் உட்கார்ந்திருந்த டெஸ்மண்ட் வலைத்திரை வழியாக ஓரக்கண்ணால் பார்த்தார். தலை தெரியவில்லை. பெரிய உடம்பு ஒன்றின் இடுப்பும், கையில் ஓர் அட்டைப்பெட்டியும் மட்டும் தெரிந்தன. 'பெட்டியோடு வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். வீட்டில் ஆள் இல்லாததுபோல் இருந்துவிடுவது நல்லது' என்று கோடையில்தான் எழுதியிருந்தார். தன் பத்தியை வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்பற்ற முடிவு செய்தார். சோபாவுக்குப் பின்னால் இறங்கி, முழங்காலில் உட்கார்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டார்.

தட்டல் நின்றது. மறுபடி தட்டினார்கள். தலைக்கு மேலே இருந்த அலமாரியில் ஜோஸ்லினின் புகைப்படம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பார்வைக்கு எட்டாமல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். காலடிகள் சரளைக்கல் மேல் நடந்து போய் மறைந்த பிறகு, சோபாவின் கையைப் பிடித்து எழுந்தார். எழுவதற்கு நேரம் பிடித்தது. எண்பது என்றது அவ்வளவு தப்பில்லையோ என்று தோன்றியது.

மூன்றாம் நாள் அதே இடுப்பு, அதே பெட்டி. அவரும் அதே சோபாவுக்குப் பின்னால். அன்று மாலையே இரண்டாவது மஞ்சள் தாள்: 'அட்டைப்பெட்டியுடன் ஓர் ஆள் வீடுகளைத் தட்டுகிறான். பருத்த உடல். கதவைத் திறக்க வேண்டாம்.'

அக்டோபர் நடுவில் வானொலியில் முதல் பனி வருகிறது என்றார்கள். வார இறுதிக்குள் தரை உறையுமாம். டெஸ்மண்ட் இப்போது காலையில் மட்டும் இல்லை, மாலையிலும் தேடினார். தேவாலயத்துக்குப் பின்னே, கல்லறைக் கற்களுக்கு நடுவிலும் தேடினார். ஜோஸ்லினின் கல்லருகே வந்தபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ரொட்டி வாங்கப் போனபோது பௌலின் முகமெல்லாம் பிரகாசம்.

"பிடிச்சாச்சு கண்ணு! உன் மஞ்சள் தாள்தான் பிடிச்சுக் கொடுத்துச்சு."

"யாரை?"

"அந்த வெர்னன் டாட். பாலத்துக்குப் பக்கத்துல புதுசா வந்திருக்கானே."

வெர்னன் வந்து நான்கு வருடமாகிறது. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மார்ஷ் பிடனில் நான்கு வருடம் என்பது நேற்று சாயங்காலம் மாதிரி.

"மிஸ் ட்ரான்டருக்குக் கண்ணாடி மாத்தத்தான் வேணும். நீ எழுதினது அப்படியே அவன்தான். அறுபது தாண்டினவன், நிமிர்ந்த உடம்பு, அகன்ற தோளு. அட்டைப்பெட்டியோட போனதை ரெண்டு பேர் பாத்திருக்காங்க. போலீஸ்காரப் பொண்ணு போய் விசாரிச்சுட்டு வந்துச்சு. பப்ல வினாடி வினா அணியிலேருந்து எடுத்துட்டாங்க. இப்ப பேப்பர் வாங்கக்கூட வர்றதில்ல." ரொட்டியைத் தாளில் சுற்றினாள். "எனக்கு அப்பவே தெரியும். ரொம்ப நிமிந்து நடப்பான்."

டெஸ்மண்ட் தன் கூனை மறைக்கத் தேடிப்பிடித்த தோள்கள் ஊரில் ஒருவருக்கு உண்மையிலேயே இருந்திருக்கின்றன.

"பௌலின், அது வெர்னன் இல்லை."

"பின்ன யாரு?"

வாயைத் திறந்தார். கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் ஒருத்தி போன வாரம்தான் ஆட்டுக்கறி பை கொண்டுவந்து வைத்தவள், பரிவோடு பார்த்தாள். வாயை மூடிக்கொண்டார். ரொட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

பாலத்தருகே வெர்னன் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்ளே ஏதோ நகர்கிற சத்தம். பிறகு அமைதி. அந்த அமைதி அவருக்கு நன்றாகப் பழக்கம். சோபாவுக்குப் பின்னால் ஒருவர் மூச்சை அடக்கும் அமைதி.

மறுபடி தட்டினார்.

"தெரியாத ஆளுக்குக் கதவைத் திறக்கக் கூடாதுன்னு ஊர்ல ஒரு பெரிய மனுஷன் எழுதி ஒட்டியிருக்காரு," என்றது உள்ளிருந்து ஒரு கனத்த குரல்.

"மிஸ்டர் டாட், நான்தான் அந்த... டெஸ்மண்ட் பாஸ்க்."

"தெரியும் தலைவரே. அதனாலதான் திறக்கலை."

தபால் போடுகிற இடுக்கு கதவில் தாழ்வாக இருந்தது. டெஸ்மண்ட் வாசற்படியில் முழங்காலிட்டு, அதன் தகட்டைத் தூக்கிப் பிடித்து, வாயை அதனருகே வைத்தார். "மன்னிப்புக் கேக்க வந்தேன். வேலி மேல எட்டிப் பாத்தது நீங்க இல்லை."

"அது எனக்குத் தெரியாதா?"

"நான்."

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு காலடிகள் நெருங்கி வந்தன. "இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தமா. எதிர்வீட்டு ட்ரான்டர் அம்மா ஜன்னலைத் திறந்து வெச்சிருக்காங்க, அவங்களுக்குக் கேக்கலையாம்."

"நான்தான்!" என்று கத்தினார் டெஸ்மண்ட். "நான்தான் எட்டிப் பாத்தேன்! உங்க தோளை நான்தான் போட்டேன்! என் தோள் அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு போட்டேன்!"

"எதுக்கய்யா ஊரான் தோட்டத்தை எட்டிப் பாத்தீங்க?"

"ஆமை." தகட்டைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயிருந்தன. "என் மனைவியோட ஆமை. அவ மார்ச்ல போயிட்டா. அது ஒண்ணைத்தான் பாத்துக்கச் சொன்னா. கேட்டைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டேன். சனிக்கிழமை பனி விழுது. பிஷப் வெளியில இருந்தா..." தகடு கையிலிருந்து நழுவிச் சத்தமாக மூடிக்கொண்டது.

தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. டெஸ்மண்டின் மூக்குக்கு நேரே ஒரு பெரிய முழங்கால் நின்றது. அண்ணாந்தார். வெர்னனின் முகத்தில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

"பிஷப்பா பேரு?" என்றார் வெர்னன். "நான் கண்டக்டர்னு வெச்சிருக்கேன். எப்பவும் லேட்டு, கேட்டா பதில் சொல்றதில்ல."

சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில் அந்த அட்டைப்பெட்டி. உள்ளே வைக்கோல். அதன் நடுவே, கழுத்துப்பட்டைக்குள் தலையை இழுத்துக்கொண்டு, பிரசங்கம் முடியக் காத்திருக்கிற பிஷப்.

"ரோட்டு நடுவுல போயிட்டிருந்துச்சு, இடது பக்கம் ஓரங்கட்டாம," என்றார் வெர்னன். "யாருதுன்னு தெரியலை. செய்திமடல்ல போட்டா சொந்தக்காரங்க வருவாங்கன்னு ரெண்டு தடவை உங்க வீட்டுக்குத் தூக்கிக்கிட்டு வந்தேன். திரை ஆடுச்சு, ஆள் வரலை. அப்புறம் பாத்தா நிழற்குடையில என்னைப் பத்தி ஒட்டியிருக்கு. பெட்டியோட வெளிய காலெடுத்து வைக்கவே பயமாயிடுச்சு."

டெஸ்மண்ட் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாளும் ஊரெல்லாம் சுற்றித் தேடியது அவர் வாசலுக்கே இரண்டு தடவை வந்திருக்கிறது. அவர் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். போதாததற்கு அதைப் பற்றி ஊருக்கு எச்சரிக்கையும் விட்டார். ஜோஸ்லின் இதைக் கேட்டிருந்தால் எப்படிச் சிரித்திருப்பாள் என்று அவருக்குக் கேட்டது. மூச்சு வாங்க வாங்கச் சிரித்து, கடைசியில் இருமிக்கொண்டு, "டெஸ், டெஸ்" என்று கையை ஆட்டியிருப்பாள். அவரும் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அது வேறு ஏதோவாக மாறிவிட்டது. வெர்னன் முதுகைத் திருப்பிக்கொண்டு கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். வெகுநேரம் பிடித்தார்.

தேநீர் குடிக்கும்போது பிஷப் தலையை நீட்டியது. டெஸ்மண்ட் விரலை நீட்டினார். அது அவரைப் பார்த்தது, யோசித்தது, மெதுவாகத் திரும்பி வெர்னன் பக்கம் நகர்ந்தது.

"நான் தினமும் ஸ்ட்ராபெரி கொடுத்தேன்," என்றார் வெர்னன் சங்கடத்தோடு. "அதான்."

"அவ கொடுக்கவே கூடாதுன்னு சொல்லுவா. வயித்துக்கு ஆகாதாம்."

"அப்படியா? சொல்லியிருக்கலாமே."

"கதவைத் திறந்திருந்தா சொல்லியிருப்பேன்."

மறுநாள் மூன்றாவது மஞ்சள் தாள் வந்தது. வேலி மேல் எட்டிப் பார்த்தவரும், சரியான விவரம் தராமல் ஒரு நல்ல மனிதர் மேல் பழி விழச் செய்தவரும், பக்கவாசல் கேட்டைத் திறந்து போட்டு ஆமையைத் தொலைத்தவரும் ஒரே ஆள் என்றும், அது இந்தத் தாளை எழுதுகிறவர்தான் என்றும் அதில் இருந்தது. அடையாளத்தை மிஸ் ட்ரான்டர் சொன்னபடியே போட்டார்: எண்பதை நெருங்கும் தோற்றம், கூன், அமுங்கிப்போன கேக் போன்ற தொப்பி. கடைசியில், முந்தின நாள் மாலை பாலத்தருகே ஒரு கிழவர் தபால் இடுக்கு வழியாகக் கத்திக்கொண்டிருந்ததாக மிஸ் ட்ரான்டர் கொடுத்த புதிய புகாரையும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் சேர்த்துக்கொண்டார்.

"நீ நல்லா சமாளிக்கிறேன்னு நினைச்சோமே கண்ணு," என்றாள் பௌலின், அதைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே.

"இல்லை," என்றார் டெஸ்மண்ட். "இன்னும் இல்லை."

பௌலின் அவர் விட்டுப்போன ரொட்டியை எடுத்துக் கொடுத்தாள். அது கல்லாகிவிட்டிருந்தது. கூட ஒரு புது ரொட்டியும் வைத்தாள். வெர்னனை வினாடி வினா அணியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அந்த வாரமே தோற்றார்கள். பழி மறுபடி அவர் மேல்தான் விழுந்தது. ஆனால் இந்தமுறை ஊர்க்காரர் ஒருவர் மேல் விழுகிற பழி அது.

பனி விழுவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் கார் கொட்டகையில் பெட்டியில் புது வைக்கோல் பரப்பினார்கள். டெஸ்மண்ட் பிஷப்பை உள்ளே வைத்தார், வெர்னன் ஃப்ரிட்ஜ் கதவை மூடினார். பிறகு டெஸ்மண்ட் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பக்கவாசல் கேட்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாரம் ஒரு தடவை திறந்து காத்து விடணும்," என்றார். "நான் மறந்துடுவேன்."

"ஞாயித்துக்கிழமை வரவா?"

"வாங்க. பீர் பாட்டிலை மட்டும் அந்த ஃப்ரிட்ஜ்ல வைக்கக் கூடாது. அவளோட உத்தரவு."

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் வாசற்கதவு தட்டப்பட்டது. வலைத்திரைக்கு அப்பால் ஒரு பெரிய இடுப்பு, கையில் ஓர் அட்டைப்பெட்டி, அதிலிருந்து பாட்டில்கள் உரசும் சத்தம். டெஸ்மண்ட் யோசிக்கவே இல்லை. அவருடைய கால்கள் பழக்கதோஷத்தில் சோபாவுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்து, ஒரு முழங்கால் தரையையும் தொட்டுவிட்டது.

"தலைவரே," என்றது தபால் இடுக்கு, "திரை ஆடுது."

டெஸ்மண்ட் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.